ஃபெட் மின்சுற்றுப் பெட்டி: பிளஸ் டூ வகுப்பில் வைத்துப் பார்த்தது

மின்னோட்டவியல் பாடத்தை முடித்து, கிர்க்காஃப் விதிகளை எழுதிப்போட்டு, கணக்குகளும் போட்டுவிட்ட ஒரு பிளஸ் டூ வகுப்பில் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். ஒரே மாதிரி இரண்டு பல்பு, தொடர் இணைப்பு, ஒரு பேட்டரி. எந்த பல்பு அதிக வெளிச்சம் தரும்? பாதி வகுப்பு யோசிக்காமல் சொல்லும்: "பேட்டரிக்குப் பக்கத்துல இருக்கிறதுதான் மிஸ். அது எடுத்தது போக மிச்ச கரண்ட்டுதான் அடுத்ததுக்குப் போகும்." எங்கள் ஊர் கண்மாய்ப் பாசன ஊர். தலைமடைக்காரர் எடுத்தது போக மிச்சம்தான் கடைமடைக்கு. பிள்ளைகள் கம்பிக்குள்ளும் அதே வாய்க்காலைத்தான் பார்க்கிறார்கள். இதே பிள்ளைகள் தொடர் இணைப்பில் மின்னோட்டம் மாறாது என்று ஒரு மதிப்பெண் கேள்விக்குச் சரியாக எழுதுவார்கள் என்பதுதான் வேடிக்கை.

இந்த எண்ணத்தை அசைத்துப் பார்க்க நான் வகுப்பில் பயன்படுத்தும் இரண்டு பொருள்களைப் பற்றிய மதிப்புரை இது. ஒன்று, ஃபெட் சிமுலேஷன்களில் வரும் நேர்மின்னோட்ட மின்சுற்றுப் பெட்டி. இன்னொன்று, பிளிக்கர்ஸ் என்ற அட்டை வாக்கு முறை. இரண்டையும் தனித்தனியாக வாங்கினால் (வாங்குவதற்கு ஒன்றுமில்லை, இரண்டும் இலவசமாகக் கிடைப்பவை) பாதிப் பயன்தான். சேர்த்து வைத்தால் வகுப்பே வேறு.

ஃபெட் பற்றித் தெரியாதவர்களுக்கு: அமெரிக்காவின் கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்திலிருந்து வரும், கணினித் திரையிலேயே சோதனை செய்துபார்க்கும் சிமுலேஷன் தொகுப்பு. 2001இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஒருவரான கார்ல் வீமன் 2002இல் தொடங்கியது. இவ்வளவு பெரிய ஆராய்ச்சியாளர், தன் நோபல் ஆராய்ச்சியான குளிர்ந்த அணுக்களை விட்டுவிட்டு, பிள்ளைகள் ஏன் இயற்பியலைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்ற கேள்விக்குள் இறங்கினார் என்பதே எனக்குப் பெரிய விஷயமாகப்படுகிறது. ஒரு சிமுலேஷனைத் தயாரிக்கும்போது மாணவர்களை உட்காரவைத்து, விளையாடவிட்டு, மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்கிறார்கள். எங்கே தடுமாறுகிறார்கள், எதைப் பொத்தான் என்று நினைத்து அழுத்துகிறார்கள் என்று பார்த்துத் திரையைத் திருத்துகிறார்கள். நம் பாடநூலிலும் சில பாடங்களின் முடிவில் வரும் இணையச் செயல்பாட்டில் ஃபெட்டுக்குச் சுட்டி இருக்கிறது. பக்கத்தைப் புரட்டும்போது கண்ணில் பட்டிருக்கும், யாரும் நின்று பார்த்திருக்க மாட்டோம்.

மின்சுற்றுப் பெட்டியைத் திறந்தால் இடது பக்கம் கம்பி, பேட்டரி, பல்பு, மின்தடை, சாவி, ஃபியூஸ் எல்லாம் அடுக்கி இருக்கும். இழுத்துப் போட்டு முனையோடு முனை சேர்த்தால் ஒட்டிக்கொள்ளும். சுற்று மூடியதும் நீலப் புள்ளிகளாக எலக்ட்ரான்கள் நகரத் தொடங்கும், பல்பிலிருந்து கதிர்கள் பரவும். மின்னோட்டம் கூடினால் கதிர்கள் நீளும். எலக்ட்ரானுக்குப் பதில் மரபு மின்னோட்டத் திசையை அம்புகளாகவும் காட்டலாம். படம் போன்ற தோற்றத்தை ஒரே தட்டலில் சுற்றுப்பட மாதிரியாக மாற்றலாம். தேர்வில் வரும் கோட்டுப்படத்துக்கும் மேசையில் கிடக்கும் கம்பிக்கும் சம்பந்தம் உண்டு என்று சில பிள்ளைகளுக்கு முதன்முதலாக உறைப்பது இந்தத் தட்டலில்தான்.

பேட்டரியின் இரு முனையையும் வெறும் கம்பியால் இணைத்தால் திரையில் தீப்பற்றி எரியும். எல்லாக் குழுவும் முதலில் செய்வது இதைத்தான். செய்யட்டும். நாணயம், பென்சில், அழிப்பான், மனிதக் கை, ஒரு நாய் வரை சுற்றில் கோத்துப் பார்க்கலாம். நாயைக் கோப்பதில் என் வகுப்புக்கு இருக்கும் ஆர்வம் ஓம் விதியில் இருந்திருந்தால் நான் எப்போதோ பாடத்தை முடித்திருப்பேன். எப்படியும் முதல் பத்து நிமிடத்தை விளையாட்டுக்கு விட்டுவிட வேண்டும். அதைப் பிடுங்கிக்கொண்டு உடனே "இப்போது எல்லாரும் ஒரு பேட்டரியை எடுங்கள்" என்று ஆரம்பித்தால், பாடம் முழுக்கத் திருட்டுத்தனமாக நாயைக் கோத்துக்கொண்டிருப்பார்கள்.

சரி, விளையாட்டுக்குப் பிறகு என்ன செய்வது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. பல ஆசிரியர்கள் சிமுலேஷனைப் புரொஜெக்டரில் போட்டு, தாங்களே இணைத்து, "பார்த்தீர்களா, ஒரே மின்னோட்டம்" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். அதற்குப் பலகையே போதும். ஹார்வர்டில் எரிக் மஸூர் குழுவினர் 2004இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதைத்தான் சோதித்தது. செயல்விளக்கத்தை வெறுமனே பார்த்த மாணவர்களின் புரிதல், பார்க்காதவர்களைவிட உயர்ந்துவிடவில்லை. என்ன நடக்கும் என்று முன்கூட்டியே கணித்துச் சொல்லிவிட்டுப் பார்த்தவர்களுக்குத்தான் நல்ல பலன். செயல்விளக்கம் என்றால் உயிரைக் கொடுத்து ஏற்பாடு செய்யும் என்னைப் போன்றவர்களுக்குக் கசப்பான முடிவுதான், ஆனால் வகுப்பில் பார்த்தால் பொருந்துகிறது.

கணிப்பதற்கு நான் எடுக்கும் கேள்வி என்னுடையது இல்லை. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் லிலியன் மெக்டெர்மாட், பீட்டர் ஷாஃபர் இருவரும் 1992இல் எழுதிய ஆய்வில் வருவது. மூன்று பேட்டரி, ஐந்து பல்பு, எல்லாம் ஒரே மாதிரி. முதல் பேட்டரியில் ஏ என்ற ஒற்றை பல்பு. இரண்டாவதில் பி, சி இரண்டும் தொடர் இணைப்பில். மூன்றாவதில் டி, இ இரண்டும் பக்க இணைப்பில். ஐந்தையும் வெளிச்ச வரிசையில் அடுக்க வேண்டும். எண் கிடையாது, சூத்திரம் தேவையில்லை. பல்கலைக்கழக மாணவர்களிலேயே 15 சதவீதம் பேர்தான் சரியாகச் சொன்னார்கள். அதுவும் பாடம் நடத்திய பிறகு. அந்த எண்ணைப் படித்தபோது எனக்கு என் பிள்ளைகள் மேல் இருந்த கோபம் பாதி போய்விட்டது.

விடை: ஏ, டி, இ மூன்றும் ஒரே வெளிச்சம். பி, சி இரண்டும் தங்களுக்குள் சமம், மற்ற மூன்றையும்விட மங்கல். இதில் இரண்டு பொறி இருக்கிறது. பி முந்தி வருவதால் சி-யைவிடப் பிரகாசம் என்பது ஒன்று, கண்மாய்க் கணக்கு. இரண்டாவது நுட்பமானது: பேட்டரி எப்போதும் ஒரே அளவு மின்னோட்டத்தைத்தான் தரும், டி-யும் இ-யும் அதைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும், ஆகவே ஏ-யைவிட மங்கல். நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் முதல் பொறியில் தப்பி இரண்டாவதில் விழுவார்கள்.

இங்கேதான் அட்டைகள் வருகின்றன. பிளிக்கர்ஸில் ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு தாள் அட்டை. நடுவில் கறுப்புக் கட்டங்களாலான ஒரு வடிவம், நாலு பக்கமும் நாலு விடை எழுத்துகள். எந்த விடையோ அந்தப் பக்கம் மேலே வரும்படி பிடிக்க வேண்டும். நான் என் போன் கேமராவை வகுப்பின் குறுக்கே ஓட்டினால் யார் எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று பதிவாகிவிடும். மாணவரிடம் போன் வேண்டாம், கணினி வேண்டாம். ஒவ்வொரு அட்டையின் வடிவமும் வேறு, எழுத்துகளும் பொடிசு. ஆகவே பக்கத்து அட்டையைப் பார்த்துக் காப்பியடிக்க முடியாது. கைதூக்கச் சொன்னால் வகுப்பின் முதல் மாணவி கை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துவிட்டுத் தூக்குவார்கள் இல்லையா, அது நின்றுவிடுகிறது.

அட்டையில் குறைகள் உண்டு. அச்சடித்த தாளைப் பளபளப்பாக லேமினேட் செய்துவிடாதீர்கள், ஜன்னல் வெளிச்சம் பட்டு மினுங்கினால் கேமரா படிக்காது. கட்டத்தின் மேல் விரல் வைத்துப் பிடிப்பவர்கள் எப்போதும் இருப்பார்கள். கடைசி பெஞ்சு வரை பிடிக்க வேண்டுமானால் நாம்தான் நடக்க வேண்டும். இலவசக் கணக்கில் ஒரு தொகுப்பில் வைக்கும் கேள்விகளுக்கு வரம்பு இருக்கிறது. எனக்கு அது தொந்தரவாகப்படவில்லை, ஒரு பீரியடில் மூன்று நல்ல கேள்விக்கு மேல் கேட்க எங்கே நேரம்?

முதல் வாக்கு முடிந்ததும் விடையைச் சொல்லக்கூடாது. இதுதான் கஷ்டம். எங்கள் தொழிலில் விடை நாக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும். "பக்கத்தில் இருப்பவர் வேறு விடை சொல்லியிருந்தால், உங்கள் விடைதான் சரி என்று அவரை நம்பவையுங்கள்" என்று விட்டுவிட வேண்டும். மஸூர் 1991இல் ஹார்வர்டில் தொடங்கிய சக மாணவர் கற்பித்தல் முறை இது. சரியான விடை சொன்னவர்கள் 30 முதல் 70 சதவீதத்துக்குள் இருந்தால் பேசவிடு, அதற்குக் கீழே என்றால் நீயே மறுபடி விளக்கு, மேலே என்றால் அடுத்த கேள்விக்குப் போ என்பது அவர் வைத்த அளவு. இந்தச் சத்தத்தைக் கேட்டுப் பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்த்துவிட்டுப் போவது வழக்கம். நம் பிள்ளைகள் பேசும் பேச்சு கேட்க நன்றாக இருக்கும். "ஏலே, கரண்ட் தீந்துபோகும்னா திரும்பி பேட்டரிக்கு என்ன போகும்?" என்று ஒரு பெண் கேட்டாள். நான் அதே கேள்வியைப் பலகையின் முன் நின்று பல தடவை கேட்டிருப்பேன், ஒருவர் காதிலும் ஏறியதில்லை. அவள் கேட்டதும் எதிரே இருந்தவன் வாயடைத்துப் போனான்.

இரண்டாவது வாக்கு எடுத்துவிட்டு, அதன் பிறகே சிமுலேஷன். மூன்று பேருக்கு ஒரு கணினி. ஐந்து பல்புகளையும் அவர்களே இணைக்க வேண்டும். பெட்டியில் பேட்டரி தானாக 9 வோல்ட், பல்பு 10 ஓம் என்று வரும். ஏ-யில் 0.9 ஆம்பியர். பி, சி இரண்டிலும் 0.45. டி-யில் 0.9, இ-யிலும் 0.9. மூன்றாவது பேட்டரியிலிருந்து வெளிவருவது 1.8. கம்பியின் மேல் வைத்தாலே அளவு காட்டும் ஓர் அம்மீட்டர் பெட்டியில் இருக்கிறது. அதைப் பிடித்து பி-க்கு முன், பி-க்கும் சி-க்கும் நடுவில், சி-க்குப் பின் என்று நகர்த்திக்கொண்டே போவார்கள். எண் மாறவே மாறாது. ஒரு பையன் அம்மீட்டர் கெட்டுப்போய்விட்டது என்றான். அவனை மறுக்காமல் மூன்றாவது சுற்றுக்குக் கொண்டுபோய் வைத்துப் பார்க்கச் சொன்னேன். கிளையில் 0.9, பேட்டரிப் பக்கம் 1.8 என்று மாறியதும் மறுபடி பழைய சுற்றுக்கு ஓடினான்.

இந்தத் தொடாத அம்மீட்டர் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. பிள்ளைகளுக்கு அது பழகிவிட்டால், உண்மை அம்மீட்டரையும் சுற்றின் மேல் சும்மா வைத்தால் போதும் என்று நினைத்துக்கொள்வார்கள். சுற்றைத் துண்டித்து நடுவில் கோக்கும் சாதாரண அம்மீட்டரும் பெட்டியில் உண்டு. முதல் சுற்றுப் பாடத்துக்குத் தொடாத அம்மீட்டர், அடுத்ததற்கு நடுவில் கோக்கும் அம்மீட்டர் என்று மாற்றிவிடுங்கள். செய்முறைத் தேர்வில் அம்மீட்டரைப் பக்க இணைப்பில் கோத்து முள்ளை வளைத்த கதைகள் எல்லாப் பள்ளி ஆய்வகத்திலும் இருக்கும்.

அடுத்து மஸூரின் கேள்வி. மூன்று பல்பு தொடர் இணைப்பில், மூன்றாவதற்குப் பக்க இணைப்பாக ஒரு சாவி. சாவியை மூடினால் என்ன ஆகும்? அவருடைய ஹார்வர்டு மாணவர்கள் இதைவிடக் கடினமான இரண்டு கண்ணிச் சுற்றுக்குச் சமன்பாடு எழுதித் தீர்த்துவிட்டார்கள், இந்தச் சாவிக் கேள்வியில் தடுமாறினார்கள். அவர் தன் பாடமுறையையே மாற்றக் காரணமானவற்றில் இந்த முரணும் ஒன்று. என் வகுப்பில் "மூணாவது அணைஞ்சிடும்" என்பதை நிறையப் பேர் சொல்லிவிடுவார்கள். மற்ற இரண்டும் கூடுதலாக எரியும் என்பதைத்தான் ஏற்க மாட்டார்கள். திரையில் 0.3 ஆம்பியர் 0.45 ஆக ஏறும்போது இரண்டு பல்பின் கதிர்களும் ஒன்றாக நீளும். பேட்டரி எப்போதும் ஒரே மின்னோட்டம்தான் தரும் என்ற அந்த இரண்டாவது பொறி இந்த இடத்தில்தான் உடைகிறது. ஐந்து பல்புக் கேள்வியில் உடைவதாக நினைத்தேன். அங்கே ஆட்டம் காண்கிறது, அவ்வளவுதான்.

இப்போது குறைகளுக்கு வருகிறேன். பெட்டிக்குள் இருப்பது சுத்தமான உலகம். கம்பி துருப்பிடிக்காது, திருகு தளராது. எங்கள் ஆய்வகத்தில் கம்பி முனையை உப்புத்தாளால் தேய்க்காமல் இணைத்தால் கால்வனாமீட்டர் முள் அசையவே அசையாது. அந்தப் பொறுமையைத் திரை கற்றுத்தராது. இரண்டாவது, எலக்ட்ரான்கள் ஓடும் வேகம். கண்ணுக்குத் தெரிய வேண்டுமே என்று வேகமாகக் காட்டுகிறார்கள். உண்மையில் சாதாரணச் செப்புக் கம்பியில் இழுப்புத் திசைவேகம் (எலக்ட்ரான்கள் சராசரியாக நகரும் வேகம்) நொடிக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. இதே மின்னோட்டவியல் பாடத்தில் இழுப்புத் திசைவேகக் கணக்குப் போட்டுவிட்டு அடுத்த வகுப்பில் இதைக் காட்டினால், கூர்மையான பிள்ளை ஒருத்தி எழுந்து கேட்பாள். கேட்டால் சந்தோஷப்படுங்கள்.

மூன்றாவது குறை, எனக்கு லாபமாக முடிந்தது. சிமுலேஷன் முடிந்த மறுநாள் நிஜப் பொருள்களை வைத்து அதே ஐந்து பல்பை இணைக்கச் சொல்வேன். (இழை உள்ள சின்ன டார்ச் பல்பு இப்போது எளிதில் கிடைப்பதில்லை. எந்த எலெக்ட்ரிக்கல் கடையில் கேட்டாலும் எல்இடியை நீட்டுகிறார்கள். எல்இடி இந்தச் சோதனைக்கு உதவாது. பழைய கடையாகப் பார்த்து மொத்தமாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.) பழைய டார்ச் செல்லில் டி-யும் இ-யும் ஏ-யைவிடக் கண்ணுக்குத் தெரியும்படி மங்கலாக எரியும். "கம்ப்யூட்டர் பொய் சொல்லிடுச்சு மிஸ்!" வகுப்பே குதூகலித்தது. அகமின்தடை (பேட்டரிக்குள்ளேயே இருக்கும் மின்தடை, பெட்டியின் பேட்டரியில் தானாக வராதது) என்ற சொல்லை அதுவரை மனப்பாடம் செய்து வைத்திருந்தவர்களுக்கு அதற்கு வேலை வந்தது அன்றைக்குத்தான். பெட்டியின் மேம்பட்ட அமைப்புகளில் பேட்டரிக்கு அகமின்தடை கொடுக்கும் வசதி இருக்கிறது. 2 ஓம் வைத்தால் ஏ-யில் 0.75 ஆம்பியர், டி-யிலும் இ-யிலும் சுமார் 0.64. மேசையில் பார்த்த மங்கல் திரையிலும் வந்துவிடும். இந்த வசதியை முதல் நாளே திறந்து காட்டாதீர்கள்.

அப்படியானால் நேராக நிஜப் பொருளிலேயே தொடங்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு, எங்கள் பள்ளியிலேயே உண்டு. கொலராடோவில் நோவா ஃபின்கெல்ஸ்டைன் முதலானோர் 2005இல் வெளியிட்ட ஆய்வில், ஆய்வகக் கருவிகளுக்குப் பதில் இந்தப் பெட்டியைப் பயன்படுத்திய மாணவர்கள் கருத்துக் கேள்விகளில் மட்டுமில்லை, நிஜச் சுற்றை இணைத்து விளக்கச் சொன்னபோதும் மற்றவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். அது கல்லூரி வகுப்பு, நம் பள்ளி ஆய்வகம் வேறு என்பதை மறக்க வேண்டாம். நிஜச் சுற்றை அடியோடு விட்டுவிட நான் சொல்ல மாட்டேன். ஆனால் வரிசை என்று வந்தால் திரை முதலில், மேசை அடுத்து. முதலிலேயே மேசைக்குப் போனால் பல்பு எரியாததற்குக் காரணம் தங்கள் சிந்தனையா, தளர்ந்த திருகா என்று பிள்ளைகளுக்குத் தெரியாமல் போகிறது.

ஃபெட்டின் மற்ற சிமுலேஷன்களைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். கயிற்றில் அலை அருமை, நிலை அலைக்கும் முனையில் எதிரொளிப்புக்கும் அதைவிட நல்ல கருவி நான் பார்த்ததில்லை. மின்னூட்டமும் புலமும் பகுதி, சம மின்னழுத்தக் கோடு வரையக் கைகொடுக்கும். எறிபொருள் இயக்கத்தில் பூசணிக்காய், பியானோ, கார் எல்லாம் பீரங்கியில் வைத்துச் சுடலாம். சிரிப்பு அதிகம், காற்றுத்தடையைச் சேர்க்கும்வரை புதிதாக எதுவும் வெளிவருவதில்லை. பழையவற்றில் சில ஜாவாவில் எழுதப்பட்டவை, எங்கள் கணினிகளில் திறப்பதற்குள் மணி அடித்துவிடும். புது வடிவில் உள்ளவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

இணைய வேகம் பற்றிக் கவலை வேண்டாம். புது வடிவச் சிமுலேஷன் ஒவ்வொன்றையும் ஒரே கோப்பாகப் பதிவிறக்கி, பென்டிரைவில் போட்டு எல்லாக் கணினியிலும் வைத்துவிடலாம். இணைப்பு இல்லாமல் உலாவியில் ஓடும். சாதாரண ஆண்ட்ராய்டு போனிலும் ஓடும். ஆனால் சிறிய திரையில் கம்பி முனைகளை ஒட்டவைப்பது எரிச்சல். அட்டை வாக்குக்கு என் போனில் இணையம் இருந்தால் போதும்.

இதோடு ஒப்பிட, நான் முன்பு வேலை பார்த்த ஒரு தனியார் பள்ளியில் பெரிய தொகை கொடுத்து வாங்கிய ஸ்மார்ட் கிளாஸ் தொகுப்பைச் சொல்ல வேண்டும். முப்பரிமாண அனிமேஷன், பின்னணி இசை, கம்பீரமான குரல். பிள்ளைகள் அமைதியாக உட்கார்ந்து பார்ப்பார்கள், பார்த்துவிட்டு எழுந்து போவார்கள். பி-யா சி-யா என்று ஒருவரும் சண்டை போட்டதில்லை. சந்தா முடிந்த வருடம் திரை கறுத்துப் போனது, ஒரு மாணவர்கூட வந்து கேட்கவில்லை.

நேரம் எடுக்கும், அதை மறைக்க முடியாது. சாதாரணமாக ஒரு பீரியடில் முடிக்கிற பகுதிக்கு இரண்டு மூன்று ஆகும். பிளஸ் டூவில் எழுத்துத் தேர்வுக்கு 70 மதிப்பெண், பின்பக்கக் கேள்விகள், திருப்புதல் தேர்வு என்று தலைக்குமேல் கிடக்கும்போது எல்லாப் பாடத்துக்கும் இப்படிச் செய்ய முடியாது. நான் மின்னோட்டவியலுக்கும், பிளஸ் ஒன்னில் நியூட்டன் விதிகளுக்கும், அலைகளுக்கும் மட்டும் வைத்திருக்கிறேன். பிள்ளைகள் ஆண்டுதோறும் தப்பாகவே பிடித்துக்கொண்டு வரும் இடங்கள் இவை. அணுக்கருப் பாடத்தை நான் பலகையிலேயே நடத்துகிறேன்.

பிள்ளைகளிடமிருந்தே எதிர்ப்பு வரும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். முக்கியமாக நன்றாகப் படிப்பவர்களிடமிருந்து. "மிஸ் நடத்துறதே இல்ல, எங்களையே பேசச் சொல்றாங்க" என்று ஒரு வீட்டில் சொல்லி, அப்பா பள்ளிக்கு வந்தார். நல்ல மனிதர், உட்காரவைத்து ஐந்து பல்புக் கேள்வியைக் கொடுத்தேன். பிறகு அரை மணி நேரம் கிளம்பவில்லை. 2019இல் ஹார்வர்டில் லூயி டெலோரியே குழுவினர் செய்த ஆய்வில் இதே நிலைமை எண்ணோடு வந்திருக்கிறது. தெளிவாகச் சொற்பொழிவு கேட்ட மாணவர்கள் அதிகம் கற்றதாக உணர்ந்தார்கள், தாங்களே மண்டையை உடைத்துக்கொண்டவர்கள் தேர்வில் அதிகம் எடுத்தார்கள். ரிச்சர்ட் ஹேக் 1998இல் 6,542 மாணவர்களின் தரவைத் தொகுத்தபோதும் கற்றலில் இதே முடிவுதான். முன் தேர்வுக்கும் பின் தேர்வுக்கும் நடுவில் ஏறியிருக்கக்கூடிய உயரத்தில், வழக்கமான வகுப்புகள் சராசரியாக 0.23 பங்கு ஏறின, ஊடாடும் வகுப்புகள் 0.48. இரண்டாவதும் பாதியைத் தொடவில்லை என்பதைக் கவனியுங்கள். யாராவது இதை மந்திரம் என்று விற்றால் வாங்காதீர்கள்.

யாருக்குப் பொருந்தாது? முதல் வாக்குக்கும் சிமுலேஷனுக்கும் நடுவில் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாதவர்களுக்கு. வகுப்பு முழுவதும் ஒரே கணினி என்றாலும் சமாளிக்கலாம். ஒவ்வொரு குழுவிலிருந்தும் ஒருவர் வந்து இணைக்கட்டும், நீங்கள் மவுஸைத் தொடாதீர்கள். வீட்டில் தனியாகப் படிக்கும் மாணவருக்கு என்றால், சுற்றை இணைக்கும் முன் விடையை ஒரு தாளில் எழுதி, எழுதியதை அடித்துத் திருத்தக்கூடாது என்று அம்மாவையோ அண்ணனையோ காவல் வைக்கச் சொல்லுங்கள்.

அடுத்த பருவத்தில் மாறுதிசை மின்னோட்டத்துக்கும் இதே பெட்டியின் இன்னொரு வடிவம் இருக்கிறது, மின்தேக்கி, மின்தூண்டி எல்லாம் சேர்த்து. அதில் கட்ட வேறுபாட்டை வரைபடமாகக் காட்டலாம். கேள்விகளைத்தான் இன்னும் உருவாக்கிக்கொண்டிருக்கிறேன். பெட்டியைத் தயாரிப்பவர்களிடம் எனக்கு ஒரே ஒரு கேட்பு: தளர்ந்த இணைப்பு ஒன்றையும் அந்த அடுக்கில் வையுங்கள், நாய்க்குப் பக்கத்திலேயே.